ஒரு சென்ட் தபாலில் போன வீடு

தபால் கார்டு என்றால் நம் வீடுகளில் ஒரு மரியாதையும் உண்டு, ஓர் இளக்காரமும் உண்டு. ரகசியம் எதையும் அதில் எழுத முடியாது. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். "மாப்பிள்ளை வீட்டார் வியாழக்கிழமை வர்றாங்களாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு சைக்கிளை மிதிப்பார். நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள் இருக்கும். சாவுச் சேதி என்றால் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

அந்தக் கார்டுக்கு வசதியான ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. ஒரு பக்கம் படம், மறுபக்கம் விலாசம். ஊட்டி ஏரி, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், மதுரைக் கோபுரம் என்று எந்த ஊருக்குப் போனாலும் நான்கு வாங்கி, நலம் நலமறிய ஆவல் எழுதி அனுப்புவது ஒரு காலத்து வழக்கம். 'நான் இதை நேரில் பார்த்தேன்' என்று பெருமையடிக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

ஆகவே நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் படக் கார்டுகளைப் புரட்டும்போது, நயாகரா, நியூயார்க் கட்டடங்கள் என்று வந்துகொண்டே இருக்கும் வரிசையில் திடீரென ஒன்று கையை நிறுத்துகிறது. சின்னச் சின்ன செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. முக்கோணக் கூரை, சுவரோடு ஒட்டிய புகைபோக்கி, கண்ணாடி இல்லாத ஜன்னலுக்கு மரக்கதவு. மேலே ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ சடைசடையாகத் தொங்குகிறது. அதை ஸ்பானியப் பாசி என்கிறார்கள். ஸ்பெயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பாசியும் இல்லை. அன்னாசியின் உறவுக்காரச் செடி. பெயர் வைப்பவர்களின் கவனக்குறைவு இந்தக் கதையில் இனியும் வரும் என்பதால் இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். வீட்டு வாசலில் கறுப்பினத்துப் பெண்களும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். கீழே படக்குறிப்பு: பழைய அடிமைக் குடியிருப்பு, ஹெர்மிடேஜ், சவானா, ஜார்ஜியா.

இதை வாங்கி யாரோ தன் அத்தைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, பல்லாயிரம் பேர். அடிமைகள் அடைந்து கிடந்த வீடு எப்படி ஊர் சுற்றிப் பார்த்ததன் அத்தாட்சியாக மாறியது?

வீடு கார்டுக்கு மிகவும் மூத்தது. ஹென்றி மக்ஆல்பின் என்பவர் ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சவானா ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நெல்லையும் பருத்தியையும் நம்பியிருக்க, இவர் ஆற்றங்கரைக் களிமண்ணைப் பார்த்தார். சூளை போட்டார். அடிமைகள் மண் மிதித்து, அச்சில் அடித்து, காயவைத்துச் சுட்ட செங்கற்கள் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் வந்தன. 'சவானா கிரே' என்று அதற்குப் பெயர். இன்றைக்கும் பழைய கட்டடம் இடிந்தால் அந்தக் கல்லைத் தேடிப் பிடித்து அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். சூளை சொந்தமாக இருந்ததால் அடிமைகளின் குடிசைகளையும் அதே கல்லால் கட்டினார் மக்ஆல்பின். தெற்கு மாநிலங்களில் பெரும்பாலான அடிமைகள் மரக்கட்டை அடுக்கிய குடிசைகளில் இருந்தார்கள். அவை மழையிலும் கரையானிலும் போய்விட்டன. செங்கல் நின்றது. பின்னாளில் கேமராக்காரர்கள் ஹெர்மிடேஜைத் தேடி வந்ததற்கு முதல் காரணம் அதுதான்: படம் எடுக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமல்லவா?

கேமரா முதலில் வந்தது படையோடு. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அதே ஆண்டின் இறுதியில் வடக்குப் படை தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளைப் பிடித்தது. பண்ணை முதலாளிகள் ஓடிப்போனார்கள், அடிமைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மறு ஆண்டு திமத்தி ஓசல்லிவன் என்ற போர்ப் புகைப்படக்காரர் பியூஃபோர்ட்டில் ஒரு குடிசையின் முன்னால் ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறையை நிறுத்தி எடுத்த படம் இன்றும் பாடப் புத்தகங்களில் வருகிறது. ஹென்றி மூர் என்பவர் ஹில்டன் ஹெட் தீவுக் குடியிருப்புகளைப் படம் பிடித்தார். வடக்கே இருந்த மக்களுக்கு, எதற்காகப் போர் நடக்கிறது என்று காட்டும் படங்கள் அவை.

போர் முடிந்ததும் அதே காட்சி வரவேற்பறைக்குப் போனது. ஒரே இடத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை ஓர் அட்டையில் ஒட்டி, கண்ணாடிக் கருவியில் பார்த்தால் ஆழம் தெரியும். சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1838இல் கண்டுபிடித்த தத்துவம் இது. 1861இல் பாஸ்டன் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான கருவி ஒன்றை உருவாக்கி, காப்புரிமை எடுக்காமல் விட்டுவிட்டார். காப்பியடிக்க இதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா? வீட்டுக்கு வீடு அந்தக் கருவி வந்தது, அதற்குத் தீனியாகத் தெற்கத்திப் பருத்திக் காடும் குடிசையும் வந்தன.

இதே சமயம் உலகத்தின் வேறொரு மூலையில், அடிமை முறையோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் தபால் செலவை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எமானுவல் ஹெர்மான் ஆஸ்திரியாவில் பொருளாதாரப் பேராசிரியர். இரண்டு வரி சேதிக்கு ஏன் ஒரு தாளும் ஓர் உறையும், முழுத் தபால் கட்டணமும்? 1869 ஜனவரியில் வியன்னாப் பத்திரிகையில் கேட்டார். அக்டோபர் 1ஆம் தேதியே ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு உலகின் முதல் தபால் கார்டை வெளியிட்டது. ஓர் அரசாங்கம் ஒரு பேராசிரியர் சொன்னதை ஒன்பது மாதத்தில் செய்தது என்பதே தனியாக எழுத வேண்டிய அதிசயம். மறு ஆண்டு இங்கிலாந்து, 1873இல் அமெரிக்கா, 1879இல் இந்தியா. நமக்குக் கால் அணா, அமெரிக்கர்களுக்கு ஒரு சென்ட். எதிலும் படம் இல்லை. மொட்டையான அரசாங்க அட்டை.

அந்த அட்டையும் அடிமைக் குடிசையும் ஒரே திருவிழாவுக்கு வந்து சேர்ந்தன. 1893இல் சிகாகோவில் கொலம்பஸ் நினைவு உலகக் கண்காட்சி. விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை அதையொட்டி நடந்ததால் நமக்கு அந்த ஆண்டும் ஊரும் நன்றாக நினைவிருக்கும். சார்லஸ் கோல்ட்ஸ்மித் என்பவர் அரசாங்கத் தபால் கார்டுகளின் மறுபக்கத்தில் கண்காட்சிக் கட்டடங்களின் வண்ணப் படங்களை அச்சடித்து விற்றார். அமெரிக்காவில் படக் கார்டு வியாபாரம் சூடுபிடித்தது அங்கேதான். அதே கண்காட்சிக்கு டெக்சாஸிலிருந்து கார்லி என்ற நீதிபதி ஒரு மரக் குடிசையைக் கொண்டுவந்தார். லூசியானாவில் ஒரு பழைய பண்ணையிலிருந்து வாங்கிப் பிரித்து எடுத்து வந்தது. இதுதான் 'அங்கிள் டாமின் குடிசை' என்றார்.

1852இல் வந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அந்தப் பெயர் கொண்ட நாவல் முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதி விற்றது. நாவலில் வரும் குடிசை கற்பனை. ஆனால் வாசகர்களுக்கு நிஜக் குடிசை வேண்டியிருந்தது. லூசியானாப் பண்ணையின் முன்னாள் முதலாளிதான் நாவலின் கொடூர வில்லன் என்று உள்ளூரில் ஒரு பேச்சு. அதை நம்பிக் கார்லி 1892இல் ஒரு புத்தகமே போட்டிருந்தார். அந்த முதலாளியின் பெயரும் மக்ஆல்பின்! சவானாக்காரருக்கும் இவருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு உண்டு என்று நான் கிளப்பிவிட விரும்பவில்லை, அந்த வேலையைத்தான் கார்லி செய்தார். அடிமைக் குடிசையைப் பிரித்து, ஏற்றி, ஊர் மாற்றி, டிக்கெட் போட்டுக் காட்டலாம் என்ற யோசனை இங்கே நிலைபெற்றது. நாற்பது வருடம் கழித்து இதைவிடப் பணக்காரர் ஒருவர் இதையே செய்யப்போகிறார்.

படக் கார்டுக்கு இன்னும் ஒரு தடை பாக்கி இருந்தது. அரசாங்க அட்டைக்குத்தான் ஒரு சென்ட். தனியார் அச்சடித்த அட்டைக்கு இரண்டு. 1898 மே மாதச் சட்டம் இதைச் சமமாக்கியது. அவ்வளவுதான், அச்சகங்கள் மடை திறந்தன. சரியாக அப்போது டெட்ராய்ட் நகரத்துக் கம்பெனி ஒன்று தயாராக நின்றது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஓரெல் ஃபூஸ்லி என்ற பழம்பெரும் அச்சகத்தில் ஹான்ஸ் யாகோப் ஷ்மிட் என்பவர் 1880களில் ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தின் நெகட்டிவை வைத்து, தார் பூசிய கல்லில் வெளிச்சம் விழச் செய்து, நிறத்துக்கு ஒரு கல்லாக அடுக்கடுக்காக அச்சடித்தால் வண்ணப் படம் வரும். ஃபோட்டோகுரோம் என்று பெயர். டெட்ராய்ட் கம்பெனி அமெரிக்க உரிமையை வாங்கியது. மேற்கத்திய மலைகளைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி ஜாக்சன் தன் நெகட்டிவ்களோடு கூட்டாளியாகச் சேர்ந்தார். கம்பெனியின் கேமராக்கள் நாடு முழுக்கச் சுற்றின, சவானாவின் ஹெர்மிடேஜுக்கும் வந்தன.

இந்த வண்ணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேமரா பார்த்தது கறுப்பு வெள்ளை. நிறம் சேர்ப்பவர் மேசையில் குனிந்து வேலை செய்பவர். இடத்தைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. 1900களில் அமெரிக்கப் படக் கார்டுகளில் பெரும்பகுதி ஜெர்மனியில் அச்சானது, லைப்சிக், டிரெஸ்டன், பெர்லின் என்று. மலிவு, அதோடு சுத்தமான வேலை. ஜார்ஜியாவின் குடிசை எந்த நிறம் என்று சாக்சனிக்காரருக்கு எப்படித் தெரியும்? செங்கல் என்றால் சிவப்பு. புல் என்றால் பச்சை. வானத்தில் ஒரு ரோஜா நிறம். இடிந்துகொண்டிருந்த குடியிருப்பு, கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி வந்து சேர்ந்தது. 1909இல் அமெரிக்கா இறக்குமதி வரியைக் கூட்டியது, 1914இல் முதல் உலகப் போர் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வேலை உள்நாட்டு அச்சகங்களுக்குத் திரும்பியது. நிறம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதைய ஜுரம் எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 1908 ஜூனில் முடிந்த ஆண்டில் அமெரிக்கத் தபாலில் போன கார்டுகள் 67 கோடிக்கு மேல். மக்கள்தொகை அப்போது ஒன்பது கோடி கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு சின்ன விதி மாறியிருந்தது: 1907 மார்ச் முதல் விலாசப் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்து, இடப்பாதியில் சேதி எழுதலாம். அதற்கு முன் சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் மேல்தான் எழுத வேண்டும். ஆகையால் பழைய கார்டுகளில் 'இங்கே வெயில் சுகமாக இருக்கிறது' வகை வரிகள் குடிசைக் கூரையின் மேலேயும் வாசலில் நிற்கும் பிள்ளைகளின் காலடியிலும் ஓடும். இடம் போதாவிட்டால் வானத்தில்.

வெயில் என்றேனல்லவா, அதுதான் இந்த வியாபாரத்தின் அச்சாணி. வடக்கே பனி கொட்டும் மாதங்களில் வசதியானவர்கள் ரயிலேறி ஃப்ளோரிடா போவார்கள். எண்ணெய்ப் பணத்தில் கொழித்த ஹென்றி ஃபிளாக்லர் 1888இல் செயின்ட் அகஸ்டினில் அரண்மனை போன்ற ஹோட்டலைத் திறந்தார், பிறகு ரயில் பாதையையும் தெற்கே நீட்டிக்கொண்டே போனார். போகிற வழியில் சவானா. இறங்கினால் வண்டி வைத்துக்கொண்டு ஹெர்மிடேஜ் பார்த்துவிட்டு வரலாம். ஃப்ளோரிடாவுக்குள் நுழைந்ததும் ஜாக்சன்வில் அருகே ஃபோர்ட் ஜார்ஜ் தீவு. அங்கே கிங்ஸ்லி பண்ணையில் 32 அடிமைக் குடிசைகள் அரைவட்டமாகக் கட்டப்பட்டிருந்தன. சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலும் தண்ணீரும் முழுச் சிப்பியும் கலந்து பலகை அடைத்து இடித்துக் கட்டிய சுவர். டாபி என்று பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்த நம் ஊர்க் கொத்தனாருக்கு விளக்கவே வேண்டாம். பண்ணை முதலாளி செஃபனாயா கிங்ஸ்லியின் மனைவி ஆனா, செனகலிலிருந்து சிறுமியாகப் பிடித்துவரப்பட்டு ஹவானாவில் விற்கப்பட்டவர். விடுதலை பெற்ற பின் தானே அடிமைகளை வைத்துக்கொண்டவர். இப்படி ஒரு வாழ்க்கையை எந்தக் கார்டின் படக்குறிப்பில் அடக்குவது? சிப்பிச் சுவரின் மேல் கொடி படர்ந்திருக்க, 'பழைய அடிமைக் குடில்கள்' என்பதோடு அச்சுக்காரர் முடித்துக்கொண்டார்.

'பழைய' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டும். பழையது வீடா, அடிமைத்தனமா, உள்ளே இருந்தவர்களா? 1865க்குப் பிறகு அங்கே அடிமை என்று யாரும் இல்லை. வாசலில் நின்றவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். கூலி வேலைக்குப் போனார்கள், சமைத்தார்கள், துணி உலர்த்தினார்கள். அறிமுகமில்லாத ஒருவர் முக்காலியை நட்டுவிட்டு நிற்கச் சொன்னார். அச்சாகி வந்தபோது அவர்களுக்குப் பெயரில்லை. அவர்கள் இருந்த காலமும் மாறியிருந்தது. ஒரு மத்தியான நேரத்தில் தன் வீட்டு வாசலில் நின்ற பெண்ணை ஐம்பது வருடம் பின்னால் தள்ளிவிட்டது ஒரு படக்குறிப்பு. ஆட்களைக் கூப்பிட நேர்ந்தபோது 'அங்கிள்', 'ஆன்ட்டி'. நம் ஊரில் முறை வைத்துக் கூப்பிட்டால் நெருக்கம். அங்கே கறுப்பினத்துப் பெரியவரை 'மிஸ்டர்' என்று அழைக்க வெள்ளைக்காரருக்கு நாக்கு வளையாததால் வந்த முறை அது. உறவுச் சொல்லை வைத்தே ஒருவரை மரியாதைக்கு வெளியே நிறுத்தலாம் என்பதை நான் இந்தக் கார்டுகளில்தான் பார்த்தேன்.

பெயரோடு கார்டில் வந்த ஒருவர் உண்டு. டென்னசியின் நாஷ்வில் அருகே இன்னொரு ஹெர்மிடேஜ், ஏழாவது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பண்ணை. (இரண்டு ஹெர்மிடேஜையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.) அங்கே 1812 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர் ஆல்ஃபிரட். விடுதலைக்குப் பிறகும் அதே பண்ணையில் இருந்தார். 1889இல் ஒரு பெண்கள் சங்கம் அதை நினைவிடமாக்கப் பொறுப்பெடுத்தபோது, வந்தவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். எந்த அறை, எந்த நாற்காலி, ஜெனரல் ஜாக்சன் எங்கே உட்கார்ந்தார் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. 1901இல் இறந்தபோது ஜாக்சனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அதன்பின் அவருடைய மரக் குடிசை, 'அங்கிள் ஆல்ஃபிரட்டின் குடிசை' என்று கார்டு கார்டாக விற்றது. 'விசுவாசமான வேலைக்காரர்' என்ற பல்லவி வாங்குபவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கிழவர் கூட்டத்தின் முன் நின்று என்னவெல்லாம் சொன்னார், எதையெல்லாம் சொல்லாமல் மென்று விழுங்கினார் என்று யோசிக்கிறேன். ஒரு வழிகாட்டிக்குத் தெரியும், எது காசு தரும் என்று.

அதே வருடம், 1901இல், குடிசைக்குள்ளிருந்து ஒரு குரல் புத்தகமாக வந்தது. புக்கர் டி. வாஷிங்டன் தன் சுயசரிதையில் வர்ஜீனியாவில் தான் பிறந்த குடிசைக்கு அளவு கொடுத்தார்: ஏறக்குறைய 14க்கு 16 அடி. மண் தரை. தரையில் ஒரு குழி, குளிர்காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போட்டு வைக்க. அதுதான் பண்ணை முழுவதற்கும் சமையலறை, அம்மா சமையல்காரி. பிள்ளைகள் தூங்கியது தரையில், கந்தல் குவியலின் மேல். கார்டில் இந்தக் குழி தெரியாது. கார்டு எப்போதும் வெளியே நின்றே எடுத்தது, உள்ளே போகவே இல்லை. கறுப்பினச் சமூகவியலாளர் டூ போய்ஸ் வேறு வழி பிடித்தார். 1900 பாரிஸ் கண்காட்சிக்கு அவர் கொண்டுபோன ஆல்பங்களில் 363 படங்கள்: கடை வைத்திருப்பவர்கள், பட்டதாரிகள், தேவாலயங்கள், மாடி வீடுகள். எல்லாம் ஜார்ஜியா, ஹெர்மிடேஜ் இருந்த அதே மாநிலம். அவை அஞ்சல் வழி அத்தைகளுக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

கார்டு கடலைத் தாண்டியும் போனது. வெனிசுவேலா கரைக்கு அப்பால் போனேர் என்ற டச்சுத் தீவு; உப்பளம்தான் அதன் செல்வம். 1850இல் உப்பளத்துக்குப் பக்கத்தில் அரசாங்க அடிமைகளுக்காகக் கல் குடில்கள் கட்டினார்கள். பெரியவர் ஒருவர் நிமிர்ந்து நுழைய முடியாது. குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்து போக வேண்டும். உப்பு, வெயில், பக்கத்தில் கடல். வாரக் கடைசியில் குடும்பத்தைப் பார்க்க ரிங்கோன் ஊருக்குப் பல மணி நேர நடை. குடில்கள் கட்டி 13 வருடத்தில், 1863 ஜூலை 1ஆம் தேதி விடுதலை. இன்று அந்தத் தீவின் படக் கார்டுகளில் நீலக் கடலுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று நிற்பவை இவைதான். சொல்லாவிட்டால் யாரோ பிள்ளைகளுக்குக் கட்டிய விளையாட்டு வீடு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இங்கே நம் ஆட்களும் கதைக்குள் வருகிறார்கள், வேடிக்கை பார்க்க அல்ல, குடியிருக்க. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834இல் சட்டப்படி முடிந்தது. கரும்பு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய கப்பல்கள் மொரீஷியசுக்கும், 1838 மே மாதம் முதல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் போயின. கயானாவில் வந்தவர்களைத் தோட்ட முதலாளிகள் குடிவைத்தது பெரும்பாலும் அடிமைகள் விட்டுப்போன அதே வரிசை வீடுகளில். 'லோஜி' என்று அவற்றுக்குப் பெயர். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை 1848இல் ஒழிந்தது; ஐந்தே வருடத்தில், 1853 மே மாதம், 'ஓரேலி' என்ற கப்பல் நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களை மார்ட்டினிக்கில் இறக்கியது. அடிமைக் குடில் வரிசைக்கு அங்கே வழங்கிய பெயரில் பின்னாளில் நாவலும் சினிமாவும் வந்தன. ஒப்பந்தக் கூலி முறையும் அடிமை முறையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், கூரை ஒன்று.

இலங்கை மலையகத்துக்குக் கங்காணி மூலம் போனவர்களுக்கு லயன் என்ற வரிசை வீடுகளைப் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. வாஷிங்டனின் குடிசையைவிடச் சிறிது. கொழும்பில் பிளாட்டே கம்பெனி போன்றவர்கள் விற்ற படக் கார்டுகளில் மூக்குத்தி போட்ட தமிழ்ப் பெண்கள் கூடையோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே அழகாக நிற்பார்கள். கார்டை அனுப்பியவர் மாலையில் துரை பங்களாவுக்குத் திரும்பினார். அந்தப் பெண் எங்கே திரும்பினாள் என்று காட்ட அச்சுக்காரருக்கு அவசியமில்லை. லயன் இடிந்து சுற்றுலாத் தலமாகும் கட்டம் அங்கே இன்னும் வரவே இல்லை. பல தோட்டங்களில் மக்கள் அதில்தான் இருக்கிறார்கள்.

மீண்டும் சவானா. 1920களில் டெட்ராய்ட் கம்பெனி திவாலானது. உலகப் போருக்குப் பிறகு கார்டு மோகம் அடங்கிவிட்டது, மலிவான போட்டியாளர்கள் பெருகிவிட்டார்கள், கையில் எல்லோரிடமும் கோடக் கேமரா. 1930களில் ஹெர்மிடேஜை விலைக்குக் கேட்டார் ஒருவர். டெட்ராய்ட்காரர்தான், ஹென்றி ஃபோர்டு. டெட்ராய்ட்டின் புறநகர் டியர்போர்னில் அவர் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற கட்டடக் காட்சியகம் வைத்திருந்தார். எடிசனின் ஆய்வகம், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை என்று பிடித்த கட்டடத்தையெல்லாம் பிரித்துக் கொண்டுபோய் அங்கே நட்டுவந்தார். 1935இல் ஹெர்மிடேஜ் அவர் கைக்கு வந்தது. பெரிய வீட்டை இடித்து, அந்தச் சவானா கிரே கற்களை எடுத்து, ரிச்மண்ட் ஹில்லில் தனக்குக் குளிர்கால மாளிகை கட்டிக்கொண்டார். அடிமைக் குடிசைகளில் இரண்டை மட்டும் டியர்போர்னுக்கு அனுப்பினார். கார்லியின் யோசனைதான், வண்டி மட்டும் பெரிது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் இனிமேல்தான். டெட்ராய்ட் கம்பெனி மூழ்கியபோது மிஞ்சிய கண்ணாடி நெகட்டிவ்கள் பல்லாயிரம். அவற்றையும் ஏறக்குறைய அதே காலத்தில் வாங்கிக்கொண்டது ஃபோர்டின் அதே காட்சியகம். வீடும் வந்தது, வீட்டின் நிழலும் வந்தது, ஒரே முதலாளியின் கிடங்குக்கு! 1949இல் நெகட்டிவ்கள் கொலராடோவின் வரலாற்றுச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து கிழக்கு மாநிலப் படங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்குச் சென்றன. நாம் இன்று கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பது அவற்றைத்தான். வண்ணம் ஏற்றாத மூலப் படத்தில் ரோஜா நிற வானம் இல்லை. கல்லுக்குக் கல் காரை உதிர்ந்த இடம் தெரிகிறது.

படக்குறிப்பு செய்கிற சேட்டைக்கு வருவோம். 2006இல் மேரிலாந்தின் மான்ட்கமரி கவுண்டி நிர்வாகம் பத்து லட்சம் டாலர் கொடுத்து ஒரு வீட்டை வாங்கியது. ஸ்டோவின் நாவலுக்கு முன்மாதிரிகளில் ஒருவரான ஜோசையா ஹென்சன் அடிமையாக இருந்த பண்ணை அது. வீட்டோடு ஒட்டிய மரக்கட்டை அறைதான் அவர் தங்கிய 'அங்கிள் டாம் குடிசை' என்று ஊரே நம்பியது. மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். அந்த அறை கட்டியது 1850 வாக்கில். ஹென்சன் 1830இலேயே கனடாவுக்குத் தப்பி ஓடிவிட்டார். லூசியானாவில் ஒரு குடிசை, மேரிலாந்தில் ஒரு குடிசை, அவர் முதுமையில் வாழ்ந்த கனடாவின் டிரெஸ்டன் ஊரில் ஒன்று: கற்பனைப் பாத்திரம் ஒருவருக்கு மூன்று நிஜ வீடு! கனடா வீடாவது ஹென்சன் தன் சுதந்திரத்தில் வாழ்ந்த வீடு. 2022இல் அங்கே 'அங்கிள் டாம்' பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு ஹென்சனின் பெயரையே வைத்தார்கள்.

கார்டின் அடுத்த பயணம் எதிர்த்திசையில். அத்தைகளின் மரப்பெட்டியிலிருந்து பழம்பொருள் கடைக்கு, அங்கிருந்து ஆவணக் காப்பகத்துக்கு. இடிந்துபோன குடியிருப்பை ஆராய்கிறவர்களுக்கு இப்போது கார்டுதான் சாட்சி. புகைபோக்கி எந்தப் பக்கம், வரிசைக்கு எத்தனை வீடு, கூரை ஓடா பலகையா என்பதில் ஐந்து பைசா வியாபாரிக்குப் பொய் சொல்லக் காரணமில்லை. அவர் பொய் சொன்னதெல்லாம் எழுத்திலும் நிறத்திலும்தான். இன்னொரு பக்கம், கார்டு ஒருநாளும் நுழையாத இடத்தில் ஒருவர் நுழைந்தார். ஜோசப் மகில், அடிமைகளின் வழித்தோன்றல், 2010 முதல் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பழைய அடிமைக் குடிசைகளில் இரவு படுத்து உறங்குகிறார். தரையில் பாயைப் போட்டு. வெளியே நின்று பார்த்தவர்களின் நூற்றாண்டுக்குப் பிறகு உள்ளே இருந்து கூரையைப் பார்க்கும் வேலை. 2013இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவிலிருந்து 1853 காலத்து மரக் குடிசை ஒன்றைப் பலகை பலகையாகப் பிரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. இந்தக் கதையில் வண்டி ஏறிய மூன்றாவது தொகுதி.

சவானாவில் கார்டை வைத்துக்கொண்டு ஹெர்மிடேஜ் எங்கே என்று விசாரித்தால் ஆற்றங்கரையைத்தான் காட்டுவார்கள். ஃபோர்டு கற்களை எடுத்துக்கொண்டு போன பிறகு அந்த நிலத்தில் யூனியன் பேக் அண்ட் பேப்பர் கம்பெனி ஆலை கட்டியது. செங்கல் சூளையும் குடிசை வரிசையும் இருந்த இடத்தில் 1936 முதல் பைன் மரத்தைக் கூழாக்கி, பை செய்யவும் பெட்டி செய்யவும் தாளாக ஓட்டினார்கள்.